கரையில் விட்ட செருப்பு

நீச்சலைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்கிறவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தண்ணீரில் இறங்கியதும் மனசு லேசாகிவிட வேண்டும். மீன்கொத்தி ஒன்று பறக்க வேண்டும். கடைசியில் நான் கரையேறித் தலையைத் துவட்டிக்கொண்டே இயற்கைக்கு நன்றி சொல்ல வேண்டும். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். ஆறு, ஏரி, அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் தண்ணீர் என்று பூனாவைச் சுற்றி நான் இறங்காத இடம் குறைவு. அதையெல்லாம் சிறு பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதுவும் பொய் இல்லை. ஆனால் இந்த ஒரு குவாரியைப் பற்றி மட்டும் எழுதாமலே இருந்தேன். எழுத உட்கார்ந்தால் பேனா பேப்பரைக் கிழிக்கிறது. கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டுவைத்தேன். ஆறவில்லை. சூடாகவே எழுதிவிடுகிறேன்.

நான் பயந்த சுபாவம். அப்பாவுக்குப் பூனாவை ஒட்டிய கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. அந்த மாதிரி வீட்டில் பிறந்தால் பயம் தானாக வந்துவிடும். தொழிற்சாலைச் சங்கு ஊத வேண்டிய நேரத்தில் ஊதாவிட்டால் தெருவையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஊதக் கூடாத நேரத்தில் ஊதினால் அம்மா வாசலுக்கு ஓடுவாள், நான் அவள் பின்னால் ஓடுவேன். பரீட்சை என்றால் முந்தின நாளே வாந்தி. எட்டாவதில் அம்மா பார்த்துப் பார்த்து, "போதும், இவளுக்கு ஒடம்பு தாங்கல" என்று நிறுத்திவிட்டாள். பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்டவள் எப்படி ஆழத் தண்ணீரில் இறங்கினாய் என்று கேட்பார்கள். நவராத்திரிக்கு முன்னால் வீட்டில் இருக்கிற போர்வை, பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய், மெத்தை விரிப்பு அத்தனையையும் துவைத்துக் காயவைத்தாக வேண்டும் என்பது மராட்டி வீடுகளின் வழக்கம். கட்கியில் எங்கள் தமிழ் வீடுகளும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. வீட்டுக் குழாயில் நடக்கிற காரியம் இல்லை அது. மூட்டை கட்டி ஆற்றுக்குத்தான் போவோம். பெரியவர்கள் பாறையில் ரஜாயை அடித்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாவாடையைத் தூக்கிப் பட்டென்று நீரில் அடிப்போம். உள்ளே காற்று மாட்டிக்கொண்டு பாவாடை பூசணிக்காய் மாதிரி உப்பும். விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் கொஞ்ச நேரம் மிதக்கலாம். அது சுருங்குவதற்குள் கை காலை அடிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். பழகிக்கொண்டேன். அங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. தரையில் என் பயத்துக்கு வேலையே கிடையாது; சும்மா உட்கார்ந்து என்னைத் தின்னும். தண்ணீரில் அதற்கு வேலை இருக்கிறது. காலை அடி, மூச்சை இழு, அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அது சொல்வதைக் கேட்டு நடந்தால் போதும்.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட கொஞ்ச காலத்திலேயே அந்தத் துறையில் வெள்ளை நுரை ஒதுங்க ஆரம்பித்தது. பிறகு ஆகாயத்தாமரை. பிறகு நாற்றம். யாரும் சண்டை போடவில்லை. "நாத்தம் அடிக்குது, இனிமே வேணாம்" என்று சொல்லிவிட்டு அம்மா ரஜாய்களை மொட்டைமாடியில் வெயிலில் மட்டும் போட்டாள். ஒரு ஆறு கையை விட்டுப் போவதற்கு இவ்வளவுதானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. அப்போது நான் கசார்வாடியில் ஒரு சின்னப் பட்டறையில் ரப்பர் வாஷர்களின் ஓரத்துப் பிசிறை வெட்டிக்கொண்டிருந்தேன். ஆத்திரத்தை அதன்மேல் காட்டினேன்.

கல்யாணம் ஆகிப் பூனா ஓரத்தில் இருக்கிற பாணேருக்கு வந்தேன். கணவர் கம்பெனி பஸ் ஓட்டினார். அப்போது பாணேர் என்றால் குன்று, கொய்யாத் தோட்டம், எருமைக் கொட்டகை. ஊருக்குள் ஒரு அறை எடுத்துக் குடியிருந்தோம். துணி துவைக்க எங்கே போகிறீர்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டேன். "காண்" என்றார்கள், குவாரிக்கு மராட்டியில் அதுதான் பேர். குன்றின் பக்கவாட்டில் கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட பள்ளம். மழைத் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் சேர்ந்து பெரிய குளமாகி இருந்தது. முதல் தடவை மேலே நின்று எட்டிப் பார்த்தபோது எனக்கு முழங்கால் நடுங்கியது. மூன்று பக்கமும் கருங்கல் சுவர். நடுவில் பச்சைத் தண்ணீர், அசையாமல். பயத்தால்தான் நடுங்கியது என்று நினைத்தேன். ஆசையும் அப்படித்தான் வரும்போல.

துணியையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கல் உடைக்கும் குடிசைகளிலிருந்து வந்த பெண்கள் கீழே துவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைத் தண்ணீர் ஓரமாகக் கழற்றி வைத்ததுதான் தாமதம், வாய் நீளமான ஒருத்தி சோப்புக் கையோடு எழுந்து நின்று கத்தினாள்.

"ஏ மத்ராஸி! சப்பல் ஊப்பர்! ஊப்பர் வைச்சுட்டு வா!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செருப்பு கீழே இருந்தால் இவளுக்கு என்ன?

"இங்க வச்சா மேல வர்றவனுக்கு எப்படித் தெரியும்?" என்று இந்தியில் பிடித்துக்கொண்டாள். "உன் புருஷன் பார்த்தது போதாதா, ஊரே பார்க்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகுதான் விளக்கினார்கள். பாதை கீழே இறங்க ஆரம்பிக்கிற இடத்தில் தட்டையாக ஒரு பாறை. பெண்கள் இறங்கும்போது செருப்பை அதன்மேல் விட வேண்டும். பக்கத்துக் கருவேல மரத்தில் புடவையோ துப்பட்டாவோ தொங்க வேண்டும். அதைப் பார்த்தால் எந்த ஆணும் அதற்குக் கீழே கால் வைக்க மாட்டான். எருமை ஓட்டிக்கொண்டு வருகிறவன் மேலேயே நின்று ஒரு செருமல் செருமிவிட்டு எருமையைத் திருப்பிக்கொண்டு போவான். ஒரு தடவை ஒரு டிராக்டர்காரன் செருப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தான். அவன் டிராக்டர் கண்ணாடியோடு போகவில்லை.

எழுதி ஒட்டின சட்டம் இல்லை. காவல்காரன் இல்லை. ஒரு ஜோடி செருப்பு போதும். இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் இந்த ஊரில் எங்கும் பார்த்ததில்லை.

அவர்கள் துவைப்பார்கள், குளிப்பார்கள், குழந்தைகளைத் தேய்ப்பார்கள். குறுக்கே நீந்துகிறவள் நான் ஒருத்திதான். "பேடூக்" என்று பேர் வைத்தார்கள். மராட்டியில் தவளை. அந்தத் தவளை எவ்வளவு கவலையோடு நீந்தியது என்று அவர்களுக்குத் தெரியாது. கயிற்றில் கல்லைக் கட்டி ஒவ்வொரு இடமாக இறக்கி ஆழம் பார்த்தேன். எந்த இடத்தில் படி முடிந்து பள்ளம் தொடங்குகிறது, எந்தச் சுவருக்குப் பக்கத்தில் பழைய துளைக்கம்பி துருத்திக்கொண்டிருக்கிறது, எங்கே கீழிருந்து குளிர்ந்த தண்ணீர் வந்து வயிற்றில் இடிக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். ஒரு நாளும் குதித்ததில்லை. பெருமழை பெய்தால் தண்ணீர் தெளிகிற வரைக்கும் போக மாட்டேன். சாப்பிட்டுவிட்டு இறங்க மாட்டேன். தண்ணீரின் நிறம் கொஞ்சம் மாறியிருந்தால் முகர்ந்து பார்ப்பேன். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கழுத்து வரைக்கும் போவேன். போனபின் சொல்லவே வேண்டாம். எதிர்ச் சுவரில் பாறை கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில் மண்ணைக் குழைத்துக் கிண்ணம்போல் கூடு கட்டும் சின்னக் குருவிகள் இருந்தன. மல்லாந்து மிதந்தபடி அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காது தண்ணீருக்குள் இருக்கும். உலகத்திலிருந்து எந்தச் சத்தமும் வராது. என் மூச்சு மட்டும்தான் கேட்கும்.

கணவரிடம் துணி துவைக்கப் போகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். துணியும் துவைத்தேன்.

பிறகு கட்டடங்கள் வந்தன. கொய்யாத் தோட்டம் போனது, எருமை போனது. கல் உடைக்கிறவர்களின் குடிசைகளை எடுக்கச் சொன்னார்கள்; எடுத்துக்கொண்டு எங்கோ போனார்கள். குவாரியின் விளிம்பிலேயே ஒரு அடுக்குமாடி எழுந்தது. பால்கனியில் நின்றால் நேரே தண்ணீர் தெரியும். அதைக் காட்டித்தான் வீடுகளை விற்றார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். துவைக்க வருகிற பெண்கள் குறைந்து குறைந்து, கடைசியில் பெரும்பாலும் நான் மட்டும். ஆண்கள் வருவதும் நின்றுவிட்டது. ஆனாலும் செருப்பைத் தட்டைப் பாறையில் விட்டு, புடவையைக் கருவேல மரத்தில் போட்டுவிட்டுத்தான் இறங்குவேன். வழக்கம் என்றால் வழக்கம்தான்.

அந்த அடுக்குமாடியில்தான் எனக்குச் சமையல் வேலையும் கிடைத்தது. கோயமுத்தூர்க்காரப் பெண். கணவன் மனைவி இரண்டு பேரும் கம்ப்யூட்டர் கம்பெனி. தமிழ் பேசுகிற சமையல்காரி கிடைத்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். தீபாவளிக்குப் புடவை தந்தாள், என் கையில் எண்ணெய் தெறித்தபோது அவளே மருந்து போட்டுவிட்டாள். ஒரு குறைதான்: அவள் ஊர் அரிசிம்பருப்புச் சாதம் என் கைக்கு வரவில்லை. வடக்கே பிறந்து வளர்ந்தவள், எனக்கு அது எப்படிச் செய்தாலும் கிச்சடியாகத்தான் வந்து நின்றது. ஒரு நாள் ஊரிலிருந்து அவள் மாமியார் வந்திருந்தபோதும் அப்படியே ஆயிற்று.

"அக்கா, இது கிச்சடிங்க்கா. எத்தன தடவ சொல்றதுங்க? கவனமே இல்லீங்களே உங்களுக்கு. ஒரு நாளைக்காச்சும் ஒழுங்காப் பண்ணக் கூடாதுங்களா?" என்று மாமியார் எதிரில் சொன்னாள்.

"மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். கவலைப்பட்டேன்தான். வேலையை விட்டு நிறுத்திவிடுவாளோ என்று அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அரிசிம்பருப்புச் சாதத்துக்காகக் குவாரியில் விழுகிற அளவுக்கு நான் போகவில்லை. போவேன் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் காலை. மழைக்காலம் முடிந்து தண்ணீர் தெளிந்து நின்ற நேரம். பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு நீந்திப் போய், நீட்டிக்கொண்டிருந்த பாறைக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். பால்கனியிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது. தெரியாத இடம் என்பதால்தான் அங்கே போவேன். அவள் காபி டம்ளரோடு பால்கனிக்கு வந்திருக்கிறாள். பாறையில் பெண் செருப்பு. மரத்தில் புடவை. தண்ணீரில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறாள். யாரும் வெளியே வரவில்லை. கீழே ஓடி வந்திருக்கிறாள். செருப்பைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. வார் அறுந்து நான் சிவப்பு நூலால் தைத்த செருப்பு. தினமும் அவள் வீட்டு வாசலில் கிடப்பது.

கரையில் செருப்பை விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று எங்கேயோ படித்தவள், டிவியில் பார்த்தவள். தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டுவிட்டாள்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. தலையைத் தூக்கிப் புரண்டபோது மேலே விளிம்பு நெடுக ஆண்களின் தலைகள். வாட்ச்மேன், பால்காரர், ஆபீஸுக்குக் கிளம்பிய டை கட்டினவர்கள், கட்டட வேலை செய்கிறவர்கள். சைரன் சத்தம். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் தண்ணீருக்குள் முகத்தை விட்டுத் தேடினேன். அந்தப் பக்கம் ஒரு தரம், இந்தப் பக்கம் ஒரு தரம். பிறகு மேலே பார்த்து, "கோன் கிரா? யாரு விழுந்தது?" என்று கத்தினேன்.

அத்தனை கைகளும் என்னைக் காட்டின.

பாறைக்கு அடியிலிருந்து வெளியே வந்ததும் மேலே ஒரே கூச்சல். தீயணைப்புக்காரர்கள் கயிறும் ரப்பர் டியூபும் எடுத்துக்கொண்டு பாதையில் இறங்க ஆரம்பித்தார்கள். செருப்பைத் தாண்டி, புடவையைத் தாண்டி. எத்தனையோ வருஷமாக ஒரு எருமைக்காரனும் தாண்டாத இடத்தைத் தாண்டிப் பூட்ஸ் காலோடு இறங்கினார்கள். நான் ஈரப் பாவாடையோடு கழுத்தளவு தண்ணீரில் நின்றேன்.

"வராதீங்க! எல்லாரும் மேல போங்க!" என்று இந்தியில் கத்தினேன்.

"பாய், அப்படிச் செய்யாதே. வாழ்க்கையில் எல்லாம் சரியாகிவிடும்" என்றார் முன்னால் வந்தவர். மராட்டியில் பெண்ணைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. நீங்க போனா நானே வருவேன்."

"சரி சரி, கோபப்படாதே, கையைக் கொடு."

"கிட்ட வந்தா நான் வெளிய வரவே மாட்டேன்!"

அவ்வளவுதான். மிரட்டுகிறாள் என்று முடிவு செய்துவிட்டார்கள். மேலேயிருந்து அவள் அழுகை கேட்டது.

"அக்கா! நான் ஏதோ கோவத்துல சொல்லிப்போட்டனுங்க்கா! வந்துருங்க்கா! கிச்சடியே பண்ணுங்க்கா, நாங்க சாப்புட்டுக்கறோம்!"

இப்போது இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கலாம். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தான் சொன்ன ஒரு வார்த்தைக்கு என் உயிர் போய்விடும் என்று அவள் நம்பினாள் பாருங்கள், அதுதான் எனக்கு முதலில் எரிந்தது. எனக்கென்று வேறு எதுவும் இருக்காதா? காலையில் எழுந்து, எனக்கே எனக்கு என்று நான் போகிற இடம் ஒன்று இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சமைக்காத நேரத்தில் நான் சாகத்தான் போவேன்.

"அம்மா, அந்தப் பொடவைய எடுத்துகினு நீங்க மட்டும் வாங்க. ஆம்பளைங்கல்லாம் திரும்பி நிக்கச் சொல்லுங்க" என்றேன் தமிழில். அவளுக்கு அந்தச் சரிவில் இறங்கப் பயம். பாதி வழியில் நின்று புடவையைச் சுருட்டி எறிந்தாள். தண்ணீரில் விழுந்தது. அதை ஈரத்தோடு சுற்றிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட, அத்தனை பேர் கண் முன்னால் மேலே ஏறினேன். யாரும் திரும்பவில்லை. யாரோ என்மேல் ஒரு கம்பளியைப் போர்த்தினார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து வீட்டில் அடிக்கிறாரா, சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டார். நீந்தினேன் என்றேன். எதற்கு என்றார். நல்லா இருக்கும் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, கணவரைக் கூப்பிடச் சொன்னார்.

கணவர் பஸ்ஸை எங்கோ நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"இன்னாடி இது? துணி தோய்க்கப் போறன்னு சொல்லிட்டு நீச்சல் அடிச்சிகினு இருந்தியா?"

"ரெண்டும்தான்."

"எவ்ளோ நாளா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

"லிஃப்ட்ல ஏறவே பயப்படுவ. நீயா?" என்றார். அதில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி உண்டு.

பத்து நாள்கூட ஆகியிருக்காது, தட்டைப் பாறைக்கு முன்னால் கம்பி வேலி வந்துவிட்டது. வேலியில் மஞ்சள் போர்டு. ஆழமான தண்ணீர், ஆபத்து, இறங்கக் கூடாது என்று மராட்டியிலும் இங்கிலீஷிலும். வாட்ச்மேனிடம் கேட்டேன். "உனக்காகத்தான் பாய் போட்டார்கள்" என்றார்.

எனக்காக. என் உயிரைக் காப்பாற்றுவதற்காக என்னிடமிருந்து தண்ணீரைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: காலையில் கொஞ்ச நேரம் அந்த வழி திறந்திருக்க வேண்டும். யாரிடமும் எதற்கும் போய் நிற்காதவள், அதற்காக அந்த அடுக்குமாடியின் சொசைட்டிக் கமிட்டி முன்னால் போய் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று இந்தியில் மனப்பாடம் செய்திருந்தேன். தலைவர் ரிடையர் ஆனவர், மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் உட்காரச் சொல்லவில்லை.

"நீ செத்துப்போனால் யார் பதில் சொல்வது?" என்றார்.

"உங்க கட்டடம் வர்றதுக்கு முன்னாலேர்ந்து இறங்கறேன். யாரும் பதில் சொல்ல வேண்டி வரலியே, சாப்."

"அப்போது அது யாருக்கும் சொந்தம் இல்லை. இப்போது எங்கள் இடம்."

செருப்பு வழக்கத்தைச் சொன்னேன். போர்டுக்குப் பதிலாக ஒரு செருப்பு போதும் என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அங்கே இருந்த பெண்களில் ஒருத்தியாவது வாயைத் திறப்பாள் என்று பார்த்தேன். ஒருத்தி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

கோயமுத்தூர்க்காரி எனக்காக மன்றாடி ஒரு சலுகை வாங்கி வந்தாள். கட்டடத்துக்குள் நீச்சல் குளம் ஒன்று இருந்தது, நீல டைல்ஸ் போட்டு. வேலைக்காரர்கள் இறங்கக் கூடாது. ஆனால் வாரத்தில் ஒரு நாள் சுத்தம் செய்ய மூடிவைப்பார்கள் அல்லவா, அன்றைக்கு மருந்து போடுவதற்கு முன்னால் நான் இறங்கிக்கொள்ளலாமாம்.

"கேட்டு வாங்கியிருக்கறனுங்க்கா. உங்களுக்காகத்தானுங்க" என்றாள். முகம் மலர்ந்திருந்தது.

மற்றவர்கள் ஒரு வாரம் குளித்த அழுக்குத் தண்ணீர். அதை எனக்கு வாங்கித் தந்ததில் அவளுக்கு அவ்வளவு பெருமை. வேண்டாம் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. அப்போதும் நான்தான் அவளைச் சமாதானம் செய்தேன்: "தண்ணி மாத்தினா எனக்கு சளி புடிச்சிக்கும்மா" என்று ஒரு பொய்.

வேலி இருந்தது ஒரு பக்கத்தில்தான். மறு பக்கம், கல் சுவரின் மேல் விளிம்பில், லாரி போகிற அகலத்துக்குத் திறந்தே கிடந்தது. ஆள் இறங்கினால் ஆபத்து, லாரி வந்தால் ஆபத்து இல்லை போலிருக்கிறது. அந்தக் கோடையில் லாரிகள் வந்தன. ஊரெல்லாம் வீடு இடித்த குப்பையை, பூனாவில் ராடாரோடா என்பார்கள், கொண்டுவந்து கொட்டினார்கள். உடைந்த செங்கல், கான்கிரீட், பழைய கதவு. குவாரியை மூடி மேலே பார்க்கிங் வரப்போகிறது என்று வாட்ச்மேன் சொன்னார். நான் அவள் வீட்டு அடுப்படி ஜன்னலில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே பார்ப்பேன். லாரி பின்பக்கத்தைத் தூக்கும். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு மொத்தமும் சரிந்து விழும். சத்தம் கொஞ்சம் தாமதித்துத்தான் மேலே வந்து சேரும். மண் கிண்ணக் கூடுகளின் குருவிகள் கூட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். அவள் என் பக்கத்தில் வந்து நின்று, "வியூ போயிருச்சுங்களேக்கா" என்று வருத்தப்பட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரி வராத நாளாகப் பார்த்து, திறந்திருந்த அந்தப் பக்கமாக, கொட்டின குப்பை சரிவாகக் கிடந்த வழியில் இறங்கினேன். பாதிக் குளம் இன்னும் மிச்சம் இருந்தது. கோபத்தோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு என் பயம் ஏதோ சொல்லத்தான் செய்தது. கயிறு எடுத்து வரவில்லை, கல் கட்டி இறக்கிப் பார்க்கவில்லை. இந்தத் தண்ணீரின் அடியில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பழைய இடத்தை மனசில் வைத்துக்கொண்டு காலை வீசினேன்.

முழங்காலுக்குக் கீழே ஏதோ தட்டியது. வலிக்கவில்லை, சுள்ளென்று குளிர்ந்தது. பிறகு பச்சைத் தண்ணீரில் சிவப்பாக ஒரு நூல் மேலே வந்தது. கையை விட்டுத் தடவினேன். கண்ணாடி மாதிரி உடைந்த டைல்ஸ், முறுக்குக் கம்பி, கை வைத்த இடமெல்லாம் கூர்மை. எங்கே கால் வைப்பது என்று தெரியவில்லை. அத்தனை வருஷம் அடி அடியாகத் தெரிந்து வைத்திருந்த தரை அங்கே இல்லவே இல்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தண்ணீரில் நிஜமாகப் பயந்தேன். காலை மடக்கி, வயிற்றை எக்கி, கையால் மட்டும் துழாவிக் கரைக்கு வந்தேன். ஊர்ந்துதான் ஏறினேன்.

தையல் போட்டார்கள், ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அந்த மஞ்சள் போர்டுதான் கண்ணில் நின்றது. அதை மாட்டினபோது அது பொய். ஆபத்து இல்லாத தண்ணீருக்கு முன்னால் ஆபத்து என்று எழுதி மாட்டினார்கள். மாட்டிவிட்டு, பின்பக்கமாக லாரி லாரியாக ஆபத்தைக் கொண்டுவந்து கொட்டி அதை உண்மையாக்கிவிட்டார்கள். என்னை இறங்கவிடாமல் செய்ததைக்கூட என்னால் விழுங்க முடியும். தண்ணீரை ஆளைக் கிழிக்கிற தண்ணீராக மாற்றினதை இன்றுவரை விழுங்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனேன். அடுப்படியில் நான் காலை இழுத்து இழுத்து நடப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"அய்யோ, காலுக்கு என்னாச்சுங்க்கா?"

பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வார்த்தை வந்தது.

"குவாரியில எறங்கினேன். கொட்டி வச்சிருக்கிற டைல்ஸ் கிழிச்சிருச்சு."

அவள் கண்கள் பெரிதாயின. உண்மையாகவே பதறினாள். என்னைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். குனிந்து காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, குழந்தையிடம் கேட்பது மாதிரி, மெதுவாகக் கேட்டாள்:

"போர்டு போட்டிருக்குதுங்களே அக்கா. படிக்கத் தெரியலீன்னா என்னைக் கேட்டிருக்கக் கூடாதுங்களா?"

சாம்பார் பாதிக் கொதியில் இருந்தது. நான் எழுந்து அடுப்பை அணைத்தேன். அணைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். சிலிண்டர் வால்வையும் மூடினேன். கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

"நாளையிலேர்ந்து வரமாட்டேன்."

"அக்கா, நான் என்னங்க தப்பாச் சொன்னேன்? கோவமாங்க?"

"ஆமா" என்றேன். "கோவம்தான்."

லிஃப்ட் வரும் வரைக்கும் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்க என்னால் முடியவில்லை. தையல் இழுக்க இழுக்கப் படியிலேயே இறங்கிப் போனேன்.